ஒரு யூனிட் கரண்ட்

அமுதவள்ளி எதை வாங்கினாலும் முதலில் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பாள். மிக்ஸியோ, டேபிள் ஃபேனோ, செல்போன் சார்ஜரோ, பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப், எத்தனை வாட் என்று படித்துவிட்டுத்தான் பிளக்கில் சொருகுவாள். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனாலும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கே தன் முதுகில் லேபிள் இருக்கிறதா என்று தேடியிருப்பாள் என்று அவள் புருஷன் நாகேந்திரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

நாகேந்திரன் மூக்கையூர் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக். இருபது வருஷ அனுபவம். எஞ்சின் இருமுகிற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். உப்புக்காற்றில் லேபிள் உரிந்துபோன சாமான்களோடுதான் அவன் பிழைப்பு, அதனால் படித்துப் பார்த்து வேலை செய்கிறவர்களைக் கண்டால் அவனுக்குக் கொஞ்சம் இளப்பம். தங்கமான மனுஷன். ஆனால் தொழில் விஷயத்தில் எவரும் தனக்குச் சொல்லித்தரக் கூடாது, பெண்டாட்டி உட்பட.

அவர்கள் ஊர் மாரியூருக்கும் சாயல்குடிக்கும் நடுவே இருக்கிறது. மழையை நம்பி மிளகாயும் கம்பும் போடுகிற பூமி, மழை எப்போது வரும் என்று அந்த மழைக்கே தெரியாது. அதனால் வீட்டுக்கு வீடு கோழி உண்டு. போன வருஷம் அமுதவள்ளி கீழக்கரைக்குப் போய், சாலிஹா என்ற பெண்ணிடமிருந்து ஒரு பழைய இன்குபேட்டரை வாங்கி வந்தாள். முந்நூறு முட்டை பிடிக்கும் பெட்டி. உள்ளே சூட்டுக்கு நாலு குண்டு பல்பு, காற்றுக்கு ஒரு குட்டி ஃபேன், சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் போடுவதற்கு ஒரு கருவி, அவ்வளவுதான் சமாச்சாரம். இருபத்தோரு நாள் முப்பத்தேழரை டிகிரியில் வைத்திருந்தால் தாய்க்கோழி செய்கிற வேலையை அது செய்துவிடும்.

ஆட்டை வாரத்துக்கு விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஒருத்தர் ஆட்டைக் கொடுப்பார், இன்னொருத்தர் மேய்ப்பார், ஈன்ற குட்டியில் ஆளுக்குப் பாதி. அமுதவள்ளி அதையே முட்டைக்குக் கொண்டுவந்தாள். அவரவர் வீட்டு முட்டையைக் கொடுத்தால் பொரித்த குஞ்சில் பாதி அவர்களுக்கு, பாதி அவளுக்கு. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் முதல் ஈட்டில் தண்ணீர்த் தட்டு காய்ந்துபோய் முக்கால்வாசிக் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே ஒட்டிச் செத்தது. இரண்டாம் ஈட்டில் ஐப்பசி மழைக்கு ஆறு மணி நேரம் கரண்ட் போனது, அத்தனையும் கூழ்முட்டை. பட்ட காலிலேயே படும் என்பார்களே, அந்தக் கதை. அவளுடைய கை ராசியில்லாத கை என்று குழாயடியில் பேச்சு வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அமுதவள்ளி அழவில்லை, ஆனால் ஒரு வாரம் தண்ணீருக்கே போகவில்லை.

மூன்றாம் ஈட்டுக்கு முட்டை கேட்டபோது பாதிப் பேர் கோழி அடை கிடக்கிறது என்று கையை விரித்தார்கள். முதலில் துணிந்து வந்தவள் அடுத்த வீட்டுச் சோலையம்மாள்தான். அவளிடம் கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்துக் கோழி ஒன்று இருந்தது. வெயிலுக்கு அசராது, நோய் அண்டாது, ஊரில் அந்த வர்க்கம் வேறு வீட்டில் இல்லை. அதன் முட்டை ஆறைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இருபது வீடு கொடுத்தது. மொத்தம் இருநூற்று எண்பத்து நாலு முட்டை. முட்டைகளை அடுக்கிய நாலாம் நாள், சோலையம்மாளின் கோழியையும் சேவலையும் ஒரே காலையில் நாய் குதறிவிட்டுப் போனது. அன்றைக்கு அவள் ஒப்பாரி வைக்கவில்லை. பெட்டி இருந்த அறை வாசலில் வந்து நின்று, இனி அந்த ஆறு முட்டைதான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதைவிடக் கனமான வார்த்தையை அமுதவள்ளி கேட்டதில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை செல்போனில் செய்தி வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது. வெள்ளிக்கிழமை என்றால் இருபத்தோராம் நாள். குஞ்சுகள் ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளியே வரும் நாள்.

அமுதவள்ளி ஜெனரேட்டர் வாடகைக்குக் கேட்டாள். தை முகூர்த்தம், சாயல்குடி வரைக்கும் இருந்த ஜெனரேட்டரெல்லாம் கல்யாண மண்டபத்து வாசலில் நின்றது. நாகேந்திரனுக்கு இது ஒரு கவலையாகவே படவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கடைக்காரர் தொள்ளாயிரம் வாட் என்று சொல்லித்தான் கொடுத்தார், பெட்டி இருநூற்று அறுபது வாட், அப்புறம் என்ன என்றான். சொல்லிவிட்டு மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தான்.

அவளுக்குத் திருப்தியாக இல்லை. வாட் என்பது ஊற்றுகிற வேகம் என்று அவளுக்குத் தெரியும். குடத்தை ஒரே மூச்சில் கவிழ்க்கலாம், சொட்டுச் சொட்டாகவும் விடலாம், ஆனால் குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு கணக்கு அல்லவா? எட்டு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டும், பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். வேகத்தை மணியால் பெருக்கினால் அளவு வந்துவிடும். இருநூற்று அறுபதை எட்டால் பெருக்கினாள். இரண்டாயிரத்து எண்பது வந்தது. தலை சுற்றியது.

சாலிஹாவுக்குப் போன் போட்டாள். சாலிஹா நாலு வருஷமாகக் காடைக்குஞ்சு பொரிக்கிறவள், புருஷன் கத்தாரில், எல்லா வேலையும் அவளே தனியாகப் பார்ப்பவள். முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"லேபிள்ல இருக்கிறது எல்லா பல்பும் எரியிறப்போ இழுக்கிறது அமுதா. பல்புதான் விட்டு விட்டு எரியுதுல்ல? நெசமா எவ்வளவு திங்குதுன்னு உன் வீட்டு மீட்டரைக் கேளு, அது பொய் சொல்லாது."

மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு மின்னும், பார்த்திருப்பீர்கள். யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. பக்கத்திலேயே 3200 என்று ஒரு எண் போட்டிருக்கும். அந்தப் புள்ளி மூவாயிரத்து இருநூறு தடவை மின்னினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது என்று பொருள். நாம் பில்லில் பார்க்கிற அதே யூனிட், அதாவது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம்.

புதன்கிழமை சாயங்காலம் அமுதவள்ளி வீட்டில் ஃபிரிட்ஜிலிருந்து சுவாமி விளக்கு பல்பு வரை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்குபேட்டர் மட்டும் ஓட, ஸ்டூல் போட்டு மீட்டருக்கு எதிரே உட்கார்ந்தாள். செல்போனில் அரை மணி நேரத்துக்கு அலாரம். இருபது வரை எண்ணியிருப்பாள், சோலையம்மாள் வந்து மீட்டர் முன்னால் எதற்குத் தவம் பண்ணுகிறாய் என்று விசாரித்ததில் எண்ணிக்கை போயிற்று. மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை சோலையம்மாளே புளியங்கொட்டை கொண்டுவந்து, ஒரு மின்னலுக்கு ஒரு கொட்டை என்று முறத்தில் போட்டாள். உள்ளே பல்பு எரியும்போது நாலு நொடிக்கு ஒன்று விழுந்தது. பல்பு அணைந்து ஃபேன் மட்டும் ஓடும்போது ஒரு நிமிஷத்துக்கு ஒன்று விழுவதே பெரிய காரியம். அந்த இடைவெளியில் சோலையம்மாள் மருமகளைப் பற்றி நிறையச் சொன்னாள்.

அலாரம் அடித்தபோது முறத்தில் நூற்றுத் தொண்ணூற்று இரண்டு கொட்டை. அமுதவள்ளி காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். அரை மணிக்கு நூற்றுத் தொண்ணூற்று இரண்டு என்றால் ஒரு மணிக்கு முந்நூற்று எண்பத்து நாலு. மூவாயிரத்து இருநூறால் வகுத்தால் யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை, நூற்றிருபது வாட் கணக்கு. எட்டு மணி நேரத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபது. ஏறக்குறைய ஒரே ஒரு யூனிட்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டு மாசத்துக்கு நூறு யூனிட் சும்மா வருகிறது, அதில் ஒரு யூனிட் வெள்ளிக்கிழமை இல்லாமல் போவதற்கா இருநூற்று எண்பத்து நாலு உயிர் தவிக்க வேண்டும்?

இனி பேட்டரி. அதன் முதுகில் பன்னிரண்டு வோல்ட், நூற்றைம்பது ஆம்ப்-மணி என்று இருந்தது. பெருக்கினால் ஆயிரத்து எண்ணூறு வாட்-மணி, கிட்டத்தட்ட இரண்டு யூனிட். பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்று நாகேந்திரன் காலரைத் தூக்கினான். ஆனால் அது புதிதாக இருந்தபோது ஒட்டிய லேபிள், பேட்டரிக்கு இப்போது ஐந்து வயசு. போன மாசம் கரண்ட் போனபோது இரண்டு ஃபேனும் இரண்டு லைட்டும், மொத்தம் நூற்று எழுபது வாட், நாலு மணி நேரம் ஓடியதும் இன்வெர்ட்டர் கூவிவிட்டது. அப்படியென்றால் குடத்தில் இருப்பது அறுநூற்று எண்பதோ எழுநூறோதான். பெட்டிக்கு அது ஐந்தே முக்கால் மணி நேரம் வரும். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் தீர்ந்துபோகும். இரண்டேகால் மணி நேரம் உதைக்கிறது.

இதைக் கேட்ட சோலையம்மாள் வீட்டுக்குப் போய், மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பவர் பேங்க்கை முந்தானையில் முடிந்து எடுத்துவந்தாள். "உன்னோடது நூத்தம்பதுதானாம்ல, இதுல இருவதாயிரம்னு போட்டிருக்கு, வச்சுக்க ஆத்தா" என்று நீட்டினாள். அமுதவள்ளிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்த இருபதாயிரம் பைசாவில் எழுதிய கணக்கு மாதிரி மதினி, ஆயிரம் மில்லி சேர்ந்தால்தான் அந்தப் பேட்டரியின் ஒன்று, அப்படியானால் இது இருபதுதான், வோல்ட்டும் மூன்றே முக்காலுக்குள் அடங்கும் என்று பதமாகச் சொன்னாள். எல்லாம் பெருக்கினால் எழுபத்தைந்து வாட்-மணி, மாற்றுவதில் வீணாவது போகப் பெட்டியை அரை மணி நேரம்கூட ஓட்டாது. அரை மணி அரை மணிதானே என்று சோலையம்மாள் அதை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

மீதி இரண்டேகால் மணிக்கு வழி நாகேந்திரனிடம்தான் இருந்தது. துறைமுகத்தில் அவன் கையில் வேலைக்கு நின்ற ஒரு படகின் பேட்டரியைக் கேட்டு வாங்கலாம். நூறு ஆம்ப்-மணி, பன்னிரண்டு வோல்ட். ஆயிரத்து இருநூறில் பாதியை மட்டும் எடுத்து, அதிலும் இன்வெர்ட்டர் தின்பது போக மிஞ்சுவது நானூற்றுச் சொச்சம், தேவையோ இருநூற்று எழுபது. ஒரு பேட்டரி தாராளம் என்று அமுதவள்ளி சொன்னாள். படகுக்காரரும் மறுப்புச் சொல்லவில்லை. வியாழக்கிழமை ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கண்ணாடி வழியாகப் பார்த்தால் எழுபது எண்பது முட்டையில் விரிசல். ஏழு மணிக்கு முதல் குஞ்சு நனைந்த பஞ்சு மாதிரி வெளியே விழுந்தது. ஒன்பது மணிக்குச் சொன்னபடி கரண்ட் போனது, இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் பெட்டிக்குள் கீச்சுக் கீச்சென்று சந்தைக்கடை ஆகிவிட்டது. அமுதவள்ளி தெர்மாமீட்டரை விட்டு நகரவில்லை. அவளுக்குச் சோறு அங்கேயே வந்தது.

இரண்டரைக்கு நாகேந்திரன் மொபெட்டில் சாக்குக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். ஒன்றுக்கு இரண்டு பேட்டரி. படகில் எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும், ஒரு பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து மற்றதன் மைனஸுக்குக் கனமான கம்பி ஒன்று நிரந்தரமாகப் போட்டிருக்கும். ஜோடியைப் பிரித்தால் இணை மாட்டைப் பிரித்த மாதிரி, இரண்டும் படுத்துக்கொள்ளும் என்பது துறைமுகத்து மெக்கானிக்குகளின் சாத்திரம். ஒன்று போதும் என்றேனே என்று அமுதவள்ளி கேட்டாள். கூட இருந்தால் நல்லதுதானே என்று அவன் சொன்னான். அவளும் மனசுக்குள் இரண்டு மடங்கு வாட்-மணி என்று கூட்டிப் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டாள். அங்கேதான் சறுக்கியது.

இரண்டு நாற்பதுக்கு இன்வெர்ட்டர் கூவியது. அவள் கணக்குக்கு ஐந்தே நிமிஷம் முந்தி. நாகேந்திரன் புருவத்தைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தான், அதில் மெச்சல் இருந்தது. பழைய பேட்டரியைக் கழற்றினான். இருபது வருஷமாகப் படகில் எப்படிக் கொடுப்பானோ அப்படியே, ஜோடியின் இரண்டு கடைசி முனைகளையும் இன்வெர்ட்டருக்குக் கொடுத்தான்.

டப்பென்று ஒரு சத்தம். கருகிய நாற்றம். இன்வெர்ட்டரின் ஓட்டைகளிலிருந்து புகை கிளம்பியது. பெட்டிக்குள் பல்பு அணைந்தது, ஃபேன் நின்றது.

அமுதவள்ளிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பன்னிரண்டும் பன்னிரண்டும் வரிசையாகச் சேர்ந்தால் இருபத்து நாலு. படகின் ஸ்டார்ட்டருக்கு அது வேண்டும், வீட்டு இன்வெர்ட்டருக்கு அது விஷம். ஊரில் இருக்கிற லேபிளையெல்லாம் படித்தவள் இரண்டு பேட்டரிக்கு நடுவே கிடந்த ஒரு கம்பியைப் படிக்கவில்லை. புருஷன் மேல் கோபம் சுள்ளென்று ஏறியது. இருபது வருஷம், இருபது வருஷம் என்று அடித்துக்கொண்டாயே என்று நாக்கு நுனி வரை வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். நாகேந்திரன் கையில் ஸ்பேனரோடு, சாமி வந்து இறங்கிப்போன ஆள் மாதிரி நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வாசலில் சோலையம்மாள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். தெர்மாமீட்டர் முப்பத்தேழுக்கு இறங்கியிருந்தது.

திட்டுவதற்கு ராத்திரி இருக்கிறது என்று அமுதவள்ளி கோபத்தை விழுங்கினாள்.

"படகுல இருபத்து நாலு வோல்ட்டுல எரியிற பல்பு என்ன இருக்கு?"

"முன் லைட்டுதான். எதுக்கு?"

"வெளிச்சத்துக்கு இல்லைங்க. சூட்டுக்கு."

அவன் ஒரு விநாடி விழித்தான். பிறகு ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். வீட்டுக்குப் பின்னால் அவனுடைய தகரப்பெட்டியில் படகுகளிலிருந்து கழற்றிய முன்விளக்குப் பல்புகள் அரை டஜன் கிடந்தன. எழுபது வாட் ஹாலஜன், கொஞ்ச நேரம் எரிந்தால் கை வைக்க முடியாது. அமுதவள்ளி அதற்குள் சுவரிலேயே கரித்துண்டால் கணக்குப் போட்டுவிட்டாள். ஃபேனைக் கழித்தால் பெட்டிக்குச் சூடாக மட்டும் வேண்டியது நூறு வாட். பல்பு இரண்டு போட்டால் நூற்று நாற்பது, விட்டு விட்டு எரித்தால் சரியாக வரும். இரண்டேகால் மணிக்கு முந்நூறுகூட ஆகாது. இரண்டு பேட்டரியிலும் சேர்த்து இருப்பது இரண்டாயிரத்து நானூறு, கடலில் ஒரு குடம் மொண்ட மாதிரி.

மிச்சம் ஃபேன். அதன் அடாப்டரில் பன்னிரண்டு வோல்ட் என்று எழுதியிருந்தது அவளுக்கு மனப்பாடம். ஜோடியின் நடுக்கம்பியிலிருந்து ஒரு பக்கத்து முனைக்கு மட்டும் எடுத்தால் ஒரே பேட்டரிதானே, பன்னிரண்டுதானே வரும் என்று கேட்டாள். நாகேந்திரன் டெஸ்டரை எடுத்து வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு புள்ளி ஆறு. இந்தத் தடவை அளந்து பார்த்த பிறகுதான் கம்பியை முறுக்கினான்.

பல்புகளைக் குஞ்சு தொடாதபடி ஓட்டை போட்ட இரண்டு பால்பவுடர் டின்னுக்குள் வைத்துக் கட்டினான் அவன். என்ன இருந்தாலும் கைவேலை கைவேலைதான், ஆடும் படகில் இருட்டில் கம்பி முறுக்கிய விரல்கள் கால் மணி நேரத்தில் அத்தனையும் முடித்தன. கதவைத் திறந்து டின்களை உள்ளே வைத்து மூடுவதற்குள் தெர்மாமீட்டர் முப்பத்து மூன்றரை. கீச்சொலி குறைந்துவிட்டது. ஓட்டிலிருந்து பாதி வந்த குஞ்சுகள் அப்படியே தலையைச் சாய்த்துக் கிடந்தன.

ஃபேன் சுழன்றது. பல்பு எரிந்தது. சூட்டை அறிந்து அணைத்துப் போடுகிற கருவி இந்த பல்புக்கு இல்லை, அந்த வேலையை ஆள்தான் பார்க்க வேண்டும். அவள் தெர்மாமீட்டர் முன்னால், அவன் பேட்டரி முனையில் கம்பியைப் பிடித்தபடி. முப்பத்தேழரை தாண்டினால் அவள் எடு என்பாள், அவன் எடுப்பான். முப்பத்தேழைத் தொட்டால் போடு என்பாள், அவன் போடுவான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் சொன்னதை அவன் இத்தனை தடவை, அதுவும் மறுபேச்சு இல்லாமல் செய்தது அன்றைக்குத்தான். சோலையம்மாளே அதைச் சொல்லிச் சிரித்தாள். நாகேந்திரனும் சிரித்தான், ஆனால் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாலு மணிக்குக் கீச்சொலி பழையபடி ஏறியது. நாலரைக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து அறையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். படகு பல்பை வைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள் என்ற செய்தி குழாயடி வரை போயிருந்தது. மெக்கானிக் மூளைன்னா மூளைதான் என்று ஒருத்தர் நாகேந்திரன் தோளைத் தட்டினார். அவன் அந்தக் கையை மெதுவாக விலக்கினான்.

"ஏண்ணே, இன்வெர்ட்டரைப் புகைச்சது நான். இது அவ கணக்கு. எனக்கு இன்னிக்கு வேல, சொன்னா போடுறது, சொன்னா எடுக்கிறது."

சொல்லி முடிப்பதற்குள் எடு என்றாள் அமுதவள்ளி. எடுத்தான்.

ஐந்து மணி ஏழு நிமிஷத்துக்குக் கரண்ட் வந்தது. சீலிங் ஃபேன் சுற்றியதைச் சோலையம்மாள் பார்த்துச் சொன்ன பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தபோது இருநூற்றுப் பதினேழு குஞ்சு. சாலிஹாவுக்குப் படம் அனுப்பினாள். மாஷா அல்லாஹ், எனக்கே முதல் வருஷம் இத்தனை வரவில்லை என்று பதில் வந்தது. முட்டை கொடுத்த இருபத்தொரு வீட்டுப் பெண்களும் கூடையோடு வந்து வரிசையில் நின்றார்கள். அவரவர் கொடுத்த முட்டைக்குத் தக்கபடி அமுதவள்ளி பங்கு பிரித்துக் கொடுத்தாள். ராசியில்லாத கை என்று சொன்ன வாய்களெல்லாம் அடுத்த ஈட்டுக்கு எப்போது முட்டை வைப்பாய் என்று கேட்டன. அவள் ஒன்றும் குத்திக்காட்டவில்லை, காட்டத் தோன்றவும் இல்லை.

மொட்டைக்கழுத்து மட்டும் பார்த்தாலே தெரியும். ஐந்து குஞ்சு, ஐந்துக்கும் கழுத்து ரோஜா நிறத்தில் வெறுமையாக இருந்தது. அவற்றைத் தனி அட்டைப்பெட்டியில் போட்டு, கடைசியாக நின்ற சோலையம்மாளிடம் முழுசாக நீட்டினாள். இதில் வாரம் வேண்டாம் மதினி, தாய்க்கோழி போன வீடு, ஐந்தும் உங்களுக்கே இருக்கட்டும் என்றாள்.

சோலையம்மாள் பெட்டியை வாங்கித் தரையில் வைத்தாள். குனிந்து உட்கார்ந்து, ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காலைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தாள். துறுதுறுவென்று இருந்த மூன்றைப் பொறுக்கி, எதிரே உட்கார்ந்திருந்த அமுதவள்ளியின் மடியில் விட்டாள். இரண்டை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

"என் வீட்டுல நாய் வந்தது எனக்குத் தெரியல. நீ இதுகளுக்கு ஒரு டிகிரி குறைஞ்சாலும் தெரிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்த. இந்த வர்க்கம் உன்கிட்ட இருந்தாத்தாண்டி நிலைக்கும்."

மடியில் கிடந்த மூன்றும் சூடு தேடி அமுதவள்ளியின் சேலை மடிப்புக்குள் நுழைந்தன. அவள் அசையாமல் உட்கார்ந்து அவற்றின் மேல் கையைக் கவித்து வைத்துக்கொண்டாள்.